முட்டி நின்ற முள்

ஐம்பதுகளின் நடுவில், ஒரு ஏப்ரல் மாதம் நடந்தது இது. கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் அப்போது ஃபேக்டரி இஞ்சின் டிரைவர். டிரைவர் என்றதும் ஏதோ வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றினேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் இஞ்சின் இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகராது. ஆள் உயரச் சக்கரத்தோடு சிமெந்துத் தரையில் போல்ட் போட்டு முடுக்கிய டீசல் இஞ்சின் அது. அதிலிருந்து போகிற தோல் வார்தான் கொழுந்து அரைக்கிற ரோலர் முதல் தூள் சலிக்கிற சல்லடை வரை எல்லாவற்றையும் சுழற்றும். நான் நிறுத்தினால் ஃபேக்டரியே நின்றுவிடும். அந்த ஒரே நினைப்பில் எட்டு வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவன் நான்.

அந்த நெஞ்சைச் சுருங்க வைத்தவர் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். அவர் தோட்டத்து லொறி டிரைவர். எங்கள் இரண்டு வீடும் தொழிலாளர் அறைகள் வரிசையாக ஒட்டி நிற்கிற ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பரா. நடுவில் இருந்த சுவர் கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் அவர் சிரித்தால் இந்தப் பக்கம் என் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கேட்கும். அவர் நிறையச் சிரிக்கிற ஆள்.

பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியாகப் புதிதாக வந்த சின்னதுரை ஒரு பந்தயக் கார் வாங்கியதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போனது. செம்பருத்திப் பூ நிறம். கூரை கிடையாது. இரண்டு பேர்தான் உட்காரலாம். சீசன் நேரத்தில் நுவரெலியாவில் மலை ஏறுகிற கார்ப் பந்தயம் நடக்கும்; துரைமார்கள் ஒவ்வொருவராக வளைந்து வளைந்து மேலே ஏற, யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறார் என்று பார்ப்பார்கள். அதற்காகவே வாங்கிய வண்டி. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்ற பேச்சு தோட்டம் முழுக்க அடிபட்டது. இஞ்சின் என்றால் இந்தத் தோட்டத்தில் என்னை விட்டால் வேறு யார்? ஆளைத் தேர்ந்தெடுக்கிற அன்று காலை முகச்சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, கூப்பிடுவார்கள் என்று ஃபேக்டரி வாசலிலேயே நின்றேன். சின்னதுரை வந்தார். என்னைத் தாண்டிப் போய், லொறிக்கு அடியில் படுத்திருந்த சகலையின் காலைத் தட்டி எழுப்பினார்.

ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் என்னைப் பார்த்து, "ஒன் இஞ்சினுக்குச் சக்கரம் ஒண்ணுதானப்பா, அதுக்கு நாலு சக்கரம்ல" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதோடு விட்டதா? சகலைக்குப் பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு ஒன்று கிடைத்தது. காலையில் எல்லோரும் கூடும் பெரட்டுக் களத்து வழியாக அதைப் போட்டுக்கொண்டு அவர் நடப்பார். கொழுந்துக்குப் போகிற பெண்கள் வழிவிட்டு நிற்பார்கள். பங்களாக் குசினியில் அவருக்குப் பிளேன்டீயும் கேக்கும் உண்டாம். மாலையில் வந்து, "நம்ம வண்டி இன்னக்கி நானுஓயா ஏத்தத்துல பறந்துருச்சு" என்பார். நம்ம வண்டியாம்! சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குச் சோறு இறங்காது. என் மனைவி ஒரு கள்ளமும் இல்லாமல், "அந்தக் கோட்டு அவருக்கு எம்புட்டு எடுப்பா இருக்கு, பாத்தீங்களா?" என்று கேட்பாள். பார்க்கவில்லை என்பேன். பொத்தான் எட்டு என்றுகூட எண்ணி வைத்திருந்தேன்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது சின்னதுரை பழகிப் பார்க்கக் காரைக் கொழும்புப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். சகலை பக்கத்து சீட்டில். திரும்பி வந்த அன்று மாலையே சகலை என் காம்பரா வாசலில் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்தக் காரில் இஞ்சினுக்குள் ஓடுகிற எண்ணெயின் அழுத்தத்தைக் காட்ட, ஸ்டியரிங்குக்கு நேரே ஒரு முள் இருந்தது. என் ஃபேக்டரி இஞ்சினிலும் அதே மாதிரி முள் உண்டு. மணிக்கு ஒரு தடவை அது எத்தனை இறாத்தலில் நிற்கிறது என்று சிலேட்டில் எழுதுவது என் வேலை. கீழ்நாட்டு வெயிலில் ஓடி வண்டி சூடானதும் அந்த முள் இறங்கிவிட்டதாம். ஓடும்போது நாற்பது இறாத்தல், வண்டி நின்று இஞ்சின் மட்டும் ஓடினால் பத்து. சின்னதுரை முகம் கறுத்துப் போனதாம். இப்படியே இருந்தால் பந்தயத்துக்குப் போவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும் என்றாராம்.

"நீங்கதான் சகல சொல்லணும். எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா! உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன், வைத்தியர் மாதிரி. பிறகு, எத்தனாம் நம்பர் எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். முப்பதாம் நம்பர், துரை புத்தகத்தைப் பார்த்துச் சொன்னது என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். முப்பது என்றால் லேசான எண்ணெய். நம்பர் ஏற ஏறக் கெட்டி. என் இஞ்சினுக்கு ஊற்றுவது ஐம்பது. அதனால்தான் என் முள் எப்போதும் மேலேயே நிற்கிறது, கெட்டி எண்ணெயை ஊற்றுங்கள், உங்கள் முள்ளும் ஏறும் என்றேன். முள் மேலே நின்றால் நல்லது, கீழே இறங்கினால் ஆபத்து. எட்டு வருஷத்தில் நான் கற்ற பாடம் அதுதான். மெதுவாக, ஒரே வேகத்தில், நாள் முழுக்க நின்ற இடத்தில் ஓடுகிற இஞ்சினுக்கு அந்தப் பாடம் சரி. காருக்கும் அதுவே சரியா என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும், தெரியாது என்று அவரிடம் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வந்திருக்காது.

எண்ணெய்க்கு எங்கே போவது என்றார். நான் இருக்கிறேன் என்றேன். ஃபேக்டரி பீப்பாயிலிருந்து இரண்டு தடவையாக ஒரு கேலன் டின்னில் பிடித்து, தோளில் போட்டிருந்த கம்பளிக்குள் மறைத்து வெளியே கொண்டுவந்தேன். ஃபேக்டரியிலிருந்து ஓர் ஆணி வெளியே போனாலும் களவுதான். அகப்பட்டவனுக்கு வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து, காம்பராவைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் வேறெந்தத் தோட்டத்திலும் சுலபத்தில் எடுக்க மாட்டார்கள். தெரிந்தே செய்தேன். சகலை என்னிடம் கைகட்டி நின்ற அந்தப் பெருமையில் எனக்குக் காவல்காரனே கண்ணில் படவில்லை.

எண்ணெய் மாற்றியதும் முள் ஏறியது. வெயில் ஏறிய பிறகே ஓட்டிப் பழகினார்கள், எத்தனை ஓட்டம் ஓடி வந்தாலும் முள் கீழே இறங்கவில்லை. ஒரு நாள் காலை பெரட்டுக் களத்தில், நூறு பேர் பார்க்க, சின்னதுரை சகலையின் முதுகில் தட்டிக்கொடுத்தார். என்ன செய்தாய் என்று கேட்டார். நான் ஐந்தாறு அடி தள்ளி நின்றேன். இதோ சொல்லப் போகிறார், எல்லோர் தலையும் என் பக்கம் திரும்பப் போகிறது என்று கழுத்தைக்கூடச் சரிபண்ணிக்கொண்டேன்.

"எண்ணெய மாத்துனேங்க தொரை" என்றார் சகலை. அவ்வளவுதான். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

என் எண்ணெய், என் மூளை, முதுகு மட்டும் அவருடையதா? அன்று மாலை பங்களாவிலிருந்து இலையில் சுற்றிக் கேக் துண்டு கொண்டுவந்து என் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அதைத் தூக்கி நாய்க்குப் போடு என்று கத்தினேன். என் மனைவி திகைத்துப்போய்ப் பார்த்தாள். பிள்ளைகள் எனக்குப் பயந்து கதவுக்குப் பின்னால் நின்று தின்றார்கள்.

இப்போது ஃபேக்டரி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணினதும் வாரை மாட்டி ரோலர்களை ஓடவிட மாட்டேன். மூலையில் ரோதைமுனி சாமி இருக்கிறது, எங்கள் யந்திரங்களுக்குக் காவல் தெய்வம். அதற்குச் சூடம் காட்டி, திருநீறு பூசி, எல்லோரும் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற வரை இஞ்சின் சுமையில்லாமல் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். பிறகுதான் வார். சாமிக்காகத்தான் இஞ்சினைக் காக்க வைக்கிறேன் என்றே ஃபேக்டரியில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது எண்ணெய்க்காக. எங்கள் ஊர்க் காலைக் குளிரில் தேங்காயெண்ணெயே போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்துபோகும். அடுப்பு ஓரம் வைத்து உருக்கினால்தான் தலைக்கு எடுக்க முடியும். ஐம்பதாம் நம்பர் எண்ணெய் மட்டும் சும்மா இருக்குமா? கூழ் மாதிரி இறுகிக் கிடக்கும். அந்த நேரத்தில் முள் கடைசிவரை போய், அதற்கு மேல் போகாமல் தடுக்கிற குச்சியில் முட்டி நிற்கும். அது நல்ல அறிகுறி இல்லை. உள்ளே எண்ணெய் ஓட முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம். சூடேறி, முள் முட்டிய இடத்தைவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்த பிறகுதான் இஞ்சினை வேலை வாங்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்த இஞ்சின் டிரைவர் எனக்குச் சொன்னது அது. நான் யாருக்கும் சொன்னதில்லை.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு சகலை ஃபேக்டரிக்கு வந்தார். நான் சூடம் காட்டிக்கொண்டிருந்தேன். ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டுக் கேட்டார்.

"நம்ம வண்டிக்கும் இப்புடி ஏதாச்சும் செய்யணுமா சகல? நீங்க தெனம் செய்றீங்களே."

பின்னால் இஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. முள் முட்டி நின்றுகொண்டிருந்தது. கை நீட்டிக் காட்டியிருந்தால் போதும், ஒரு நிமிஷ வேலை. அவர் அந்தக் கோட்டைப் போட்டிருந்தார்.

"சூடம் காட்டுங்க. எலுமிச்சம்பழம் வச்சு நசுக்குங்க. அது போதும்" என்றேன்.

பந்தயத்தன்று தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள் போனோம். முதல் நாள் இரவெல்லாம் மழை. காலையில் மூச்சு விட்டால் புகையாக வந்தது. ஓடுகிற பாதையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஓலைத் தொப்பியும் குடையுமாகச் சனங்கள் நின்றார்கள். எங்கள் கார் வரிசையில் நான்காவது. சகலை கோட்டுப் பொத்தான்களைத் துடைத்துப் போட்டிருந்தார். காருக்கு முன்னால் குனிந்து, காற்றுக்குக் கையை வளைத்துச் சூடம் காட்டினார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். சின்னதுரைக்குச் சிரிப்பு, ஆனாலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நான் சொன்னதை எல்லாம் அப்படியே செய்தார் சகலை. இஞ்சின் மட்டும் அத்தனை நேரமும் நிறுத்தியே இருந்தது.

வரிசை வேகமாக நகர்ந்துவிட்டது. சின்னதுரை ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். குளிரில் இரண்டு தடவை முனகி, மூன்றாவது தடவை பிடித்தது. உடனே மிதித்து உறுமவிட்டார். சகலை எட்டி உள்ளே பார்த்தார். பிறகு கயிற்றோரம் நின்ற என்னிடம் ஓடிவந்தார்.

"சகல, முள்ளு கடசிவரைக்கும் போயி முட்டிக்கிட்டு நிக்குது. சரிதானா?"

இதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன்! நிறுத்தச் சொல்லுங்கள், பத்து நிமிஷம் சூடாகட்டும் என்று சொல்ல எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் அந்தச் சிவப்புக் காரும், அவர் மார்பில் மின்னிய எட்டுப் பொத்தானும், எங்கள் தோட்டத்துச் சனமெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது. கார் பாதி வழியில் நிற்கட்டும், முக்கி முனகட்டும், இத்தனை பேர் முன்னால் ஒரு தடவை இவர் தலை குனியட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. இது சத்தியம்.

"அதான் வேணும். மேல நின்னா நல்லதுதானே" என்றேன்.

அவர் முகம் மலர்ந்து ஓடிப்போய்ச் சின்னதுரைக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கொடி இறங்கியது. கார் பாய்ந்தது.

முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவு நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் எதிரே. திடீரென்று சின்னதுரை ஒரு கையால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. முள்ளுக்கு எண்ணெய் கொண்டுபோகிற மெல்லிய செம்புக் குழாய், அந்த அழுத்தம் தாங்காமல் உள்ளேயே வெடித்துவிட்டது. எண்ணெய் அவர் முகத்திலும் மடியிலும் பீச்சியடித்திருக்கிறது. பிரேக்கில் வைத்த கால் எண்ணெயில் வழுக்கியது. கார் திரும்பவில்லை. நேராகப் பாதையைவிட்டு இறங்கித் தேயிலை மலைக்குள் பாய்ந்தது. அதற்குக் கீழே ஐம்பதடியில் ஓடை. வயசான தேயிலைச் செடிகள், அடி பெருத்தவை, மூன்று வரிசையை முறித்துக்கொண்டு போய் நான்காவது வரிசையில் கார் சாய்ந்து நின்றது.

முதலில் ஓடியது சகலை. எண்ணெயும் இரத்தமுமாக இருந்த சின்னதுரையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தார். தோள் எலும்பு முறிந்திருந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. என் கால் நான் நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை.

மூன்றாம் நாள் ஆபீஸில் விசாரணை. நான் ஆபீஸ் ஜன்னல் ஓரமாக நின்றேன். எப்படியும் என் பெயர் வரும் என்று தெரியும். அதற்குப் பதிலும் தயார் பண்ணி வைத்திருந்தேன். அதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது: நான் எண்ணெய் கொடுக்கவே இல்லை, அவர்தான் ஃபேக்டரியிலிருந்து திருடியிருப்பார் என்று சொல்ல இருந்தேன்.

பெரிய துரைதான் கேட்டார். கையைத் தொட்டில் மாதிரிக் கழுத்தில் கட்டிக்கொண்டு சின்னதுரையும் உட்கார்ந்திருந்தார். என்ன எண்ணெய் ஊற்றினாய், எங்கே எடுத்தாய், யார் சொன்னது?

"கெட்டி எண்ணெய்ங்க தொரை. டவுன்ல ஒரு எடத்துல வாங்கினேன். யாரும் சொல்லலீங்க. நானாத்தான் செஞ்சேன்."

இதையே மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் அதையே சொன்னார். கோட்டைக் கழற்றி அங்கேயே மேசையில் வைக்கச் சொன்னார்கள். சின்னதுரை பரிந்து பேசியதால் தோட்டத்தைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் இனி லொறி ஸ்டியரிங்கைக்கூடத் தொடக்கூடாது. மறுநாளிலிருந்து கவ்வாத்துக் கத்தியோடு செடி வெட்டுகிற ஆட்களோடு மலைக்குப் போனார்.

விசாரணை நடந்த அன்று இரவு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் மனைவி அடுப்பு ஓரம் தேங்காயெண்ணெய்ப் போத்தலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"காலையில சூடாகாம வார் மாட்ட மாட்டேன்னு எங்கிட்டப் பெருமையாச் சொல்லுவீங்களே. அத அவருக்குச் சொல்லலையா?"

யாருக்கும் சொன்னதில்லை என்று முன்னால் எழுதினேன். இவளிடம் எப்போதோ வாய்விட்டதை மறந்தே போயிருந்தேன். "மறந்துட்டேன்" என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி.

கொழும்பிலிருந்து கார் பழுதுபார்க்கிற ஒரு சிங்கள பாஸ் வந்து காரைப் பிரித்தார். பேரிங் எல்லாம் தேய்ந்து கறுத்திருந்தது. உதவிக்கு நின்ற எனக்கு அவர் காட்டிக்காட்டி விளக்கினார். சூட்டில் இஞ்சின் மெதுவாக ஓடும்போது முள் பத்துக்கு இறங்குவதில் ஒரு குறையும் இல்லையாம், மிதித்தால் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டுமாம். முள் காட்டுவது எண்ணெய் எவ்வளவு நெருக்குகிறது என்பதை மட்டும்தான், எவ்வளவு ஓடுகிறது என்பதை இல்லை என்றார். இந்தக் குளிருக்கு முப்பதே சரி, கொழும்பு வெயிலில் பந்தயம் ஓடினால் நாற்பதுக்குப் போகலாம், ஐம்பதை இங்கே எந்த மடையன் ஊற்றினான் என்று சிரித்தார். நான் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

கார் ஓடத் தயாரானதும் பெரிய துரை என்னைக் கூப்பிட்டார். இஞ்சின் தெரிந்தவன் நீதான், இனிமேல் இதை நீ பார்த்துக்கொள் என்றார். ஆசைப்பட்டது எல்லாம் ஒரே நிமிஷத்தில் கிடைத்தது. அலுமாரியைத் திறந்து கோட்டை எடுத்துக் கொடுத்தார்கள். புதுக் கோட்டு இல்லை. சகலையுடையதேதான். மார்புப் பக்கம் எண்ணெய்க் கறை. சின்னதுரையைத் தோளில் தூக்கியபோது பட்டது. எனக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது. பிரித்துத் தைத்துக் கொடு என்று மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இறுக்கமாகவே போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு பெரட்டுக் களத்தைத் தாண்டும்போது எதிரே கவ்வாத்து ஆட்கள் வந்தார்கள். சகலை நின்றார். கோட்டின் காலர் மடிந்திருந்ததைச் சரிபண்ணிவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. ஓரமாகக் கூட்டிப்போய், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்புடிச் சொல்லுறது சகல? அது ஃபேக்டரி எண்ணெயில்ல? சொல்லியிருந்தா அன்னக்கே ஒங்களுக்குப் பத்துச்சீட்டு. அக்காவும் புள்ளைகளும் எங்க போவாங்க?" என்றார். கொஞ்ச நேரம் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொரை முதுகுல தட்டுனப்பவும் அதாங்க சொல்லல. ஒங்க பேரு நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு. எண்ணெய் எங்கேருந்து வந்துச்சுன்னு அடுத்தாப்புல கேப்பாங்களேன்னு முழுங்கிட்டேன். ஒங்களுக்கு மனசு கஷ்டமாயிருந்துருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க சகல. முள்ளு முட்டி நின்னா கெடுதல்னு ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்சா இருந்துச்சு? தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டீங்களா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார். அவரைத் திரும்ப வண்டி வேலைக்கு எடுக்கும்படி சின்னதுரையிடம் எத்தனையோ தடவை கேட்டேன். பெரிய துரை மாறிப்போகும் வரை நடக்கவில்லை. மூன்று வருஷம் அவர் கையில் கவ்வாத்துக் கத்திதான். அந்த மூன்று வருஷமும் தினம் காலையில் காரை ஸ்டார்ட் பண்ணி, முள் இறங்கி வருகிற வரைக்கும் பக்கத்தில் நிற்பேன். நிற்கிற நேரமெல்லாம் அவர் நினைப்புத்தான். பிற்பாடு தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில் அவர்கள் குடும்பத்தோடு போனபோது ரயில் வரை போனேன். அங்கேயும் என் வாய் திறக்கவில்லை.

வாயைத் திறக்காமல் இருந்தது நாங்கள் இரண்டு பேருமேதான். அவர் திறக்காததால் என் குடும்பம் காம்பராவில் இருந்தது, நான் திறக்காததால் அவர் மலைக்குப் போனார். கோட்டின்மேல், காரின்மேல் எனக்கு இருந்த பொறாமை அந்தப் பெரட்டுக் களத்திலேயே செத்துப்போனது. ஆனால் யாருக்கும் ஒளிக்க ஒன்றுமில்லாமல் ரயில் ஜன்னலில் கை அசைத்துக்கொண்டு போனாரே, அந்த மனசின்மேல் உள்ள பொறாமை மட்டும் இத்தனை வயதிலும் எனக்குத் தீரவில்லை.